மூன்றாம் ஓலையில் எழுந்த ஜாஸ்பின்

கல்யாணப் பெண் தன் கல்யாணத்துக்குத் தானே தடை சொல்லுவாளா? சொன்னாளே! மாதா கோயில் நிறைய ஆள் இருக்க, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எழுந்து நின்று சொன்னாள். மண்டைக்காட்டுக்கு அடுத்த அந்தக் கடற்கரை ஊரில் இன்னமும் அதே பேச்சுதான். அவளை அந்த இடத்துக்குத் தள்ளியது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜாஸ்பின், சிலுவைதாசனின் ஒரே மகள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா பேபி தக்கலைச் சந்தையில் மீன் விற்கிறவள். மகள் பி.காம் முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போட்டாள். சிரித்தால் கடையே திரும்பிப் பார்க்கும். கோபம் வந்தால் முதலாளியே ஒதுங்கிப் போவார்.

மஸ்கட்டில் இருக்கும் ஆன்ட்ரூஸ் பெண் கேட்டபோது வீட்டில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். நல்ல மனிதர்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லீவு கிடைக்காததால் தனக்குப் பதிலாக அக்கா மகன் ஷைஜுவை அனுப்பினார். அப்பன், ஆத்தா இல்லாத அவனை வளர்த்துப் படிக்கவைத்து, கடலுக்குப் போக வள்ளமும் வாங்கிக் கொடுத்தது அந்த மாமன்தான்.

இளவட்டப் பையன் கையில் போனைக் கொடுத்து, பெண்ணைக் காட்டு, பேசவை என்று யாராவது அனுப்புவார்களா? கல்ஃபுக்குப் போன நம்ம ஆட்கள் அனுப்புவார்கள்! வாரா வாரம் ஷைஜு வந்து போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நெட் இழுக்காது. மாப்பிள்ளை முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிடும். அது அசைகிறவரைக்கும் போனைப் பிடித்தவனும் பெண்ணும் பேசினார்கள். போகப் போக, அந்த முகம் அசைந்தாலே இரண்டு பேருக்கும் எரிச்சல் வந்தது. அடப்பாவிகளா, அப்போதாவது சுதாரித்திருக்க வேண்டாமா!

ஜாஸ்பின்தான் முதலில் கேட்டாள். "ஒனக்க மாமனிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்லுகேன். எனக்க வாயால கேட்டாதான் மாமன் தாங்கும். நீ பேடிக்காத மக்கா."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. முதல் ஓலை போயிற்று. "மாமனுக்கு டூட்டி, பேச முடியல" என்றான். இரண்டாவதும் போயிற்று. "கோயில்ல வச்சே எழும்பிச் சொல்லுகேன், ஊரே கேக்கட்டும்" என்று மாதா மேல் சத்தியம் பண்ணினான். அவள் நம்பினாள். பைத்தியக்காரி, முழுசாக நம்பினாள்.

மூன்றாவது ஓலை. ஃபாதர் வாசித்து முடித்ததும் ஜாஸ்பின் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஷைஜு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பு, இப்போது எழும்பு என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஃபாதர் தாளை மடித்துவிட்டு அன்பிய ஜெபக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அட மாதாவே, இவன் எழும்பப் போவதில்லை!

எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஃபாதர், தடை உண்டு. நான் ஷைஜுவத்தான் கெட்டுவேன்."

பேபி மகளின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இரிட்டி! ஒனக்கு என்ன, பேய் பிடிச்சா?"

பூசை முடிந்ததும் ஃபாதர் அவர்களையும் ஷைஜுவையும் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குக் கூப்பிட்டார். சிலுவைதாசன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேபி வாய்விட்டு அழுதாள். ஜாஸ்பினுக்கு மட்டும் பயமே இல்லை. இத்தனை பேர் முன்னால் பயந்துவிட்டான், பாவம், இங்கே சொல்லிவிடுவான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

"இவ சொன்னது உள்ளதா தம்பி?" என்று ஃபாதர் கேட்டார்.

ஷைஜு முகத்தைத் துடைத்தான். அவளைப் பார்க்கவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஃபாதர். மாமி என்னவோ தெரியாம சொல்லுகாங்க."

ஜாஸ்பின் அவனுக்கு மாமியாம்! தாலி இன்னும் கழுத்தில் ஏறவில்லை. அதற்குள் அவன் அவளை மாமன் பெண்டாட்டி ஆக்கிவிட்டான்.