தறி நின்ற வாரத்தில் தீவுக்கு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடமாட்டோம். மங்கலத்தில் வீட்டை ஒட்டியே எட்டு விசைத்தறி ஓடியது. அந்தச் சத்தத்தில் கத்தினால் தொண்டைதான் போகும். தோளைத் தட்டி, முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயை நன்றாக அசைத்துப் பேசவேண்டும். சாப்பிடக் கூப்பிடுவது, திட்டுவது, கொஞ்சுவது எல்லாமே அப்படித்தான். புதிதாக வரும் சொந்தக்காரர்கள் நாங்கள் சண்டை போடுவதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. கூலியை உயர்த்தச் சொல்லி ஊரே தறியை நிறுத்தியிருந்த வாரம். மூன்றாம் நாள் அப்பாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. "காவேரிக்குப் போயிட்டு வரலாமுங்களா?" என்று அம்மா கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவு இருக்கிறது, படகில் போகலாம் என்றார்.

எனக்கோ வேறு கவலை. ஜூன் மாதம் என்னை உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பதாகப் பேச்சு. தறிச் சத்தத்தில் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதாம். அந்தச் சத்தம் இல்லாமல் பிள்ளைக்குத் தூக்கமே வராது என்பதை யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் விண்ணப்பத்தைக் கொடுக்கவேண்டும். போகமாட்டேன் என்று அன்றைக்குச் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் என் கதை முடிந்தது.

தீவை நெருங்கியதும் படகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டார். மிச்ச தூரத்தை ஆறே கொண்டுபோய்ச் சேர்த்தது. வழவழப்பான பாறைகள், நாலைந்து மருதமரம், பூட்டிக் கிடந்த ஒரு சின்ன முருகன் கோயில். எங்களைத் தவிர ஆளே இல்லை. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது கேட்டது. இலை விழுந்ததுகூடக் கேட்ட மாதிரி இருந்தது. வெயிலே பச்சையாகத் தெரிந்தது. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே புரியவில்லை. புளிசாதம் சாப்பிட்டதும் அம்மா மரத்தடியில் படுத்துத் தூங்கிப்போனாள். நான் பார்த்து அம்மா பகலில் தூங்கியது அன்றுதான்.

அப்பா தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் போய் நின்றேன். முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன். இந்த அமைதியில் எறும்பு நடந்தாலே கேட்குமே, முகம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, நான் ஹாஸ்டலுக்குப் போகலீங்க. ஊட்டுலயே இருந்துக்கறனுங்க."

அவர் திரும்பவில்லை. கையிலிருந்த கூழாங்கல்லைத் தண்ணீரில் போட்டு, வட்டம் விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை சொன்னேன். இன்னொரு கல்லைப் போட்டார். முடியாது என்றாவது சொல்லக்கூடாதா?

கொஞ்ச நேரம் கழித்து எதற்கோ திரும்பியவர் என்னைக் கண்டு திடுக்கிட்டார். "எப்ப வந்தே கண்ணு?"

என்னமாய் நடிக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் என் முகத்தையே பார்த்து, "அந்தப் பள்ளிக்கூடம் உனக்குப் புடிச்சிருக்குதா சாமி?" என்று கேட்டார்.

"ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்றேன், வீம்புக்கு.

ஜூனில் போய்ச் சேர்ந்தேன். ஏழு வருசம். லீவுக்கு வந்தாலும் அப்பாவிடம் அளந்துதான் பேசுவேன். ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

போன மாதம் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். எத்தனை வருசமாகக் கேட்கவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு அப்பா சிரித்து மழுப்பினார். வெளியே வந்ததும் அம்மாதான் சொன்னாள், "நீ அஞ்சாவது படிக்கறப்பவே பாதிக் காது போயிருச்சு கண்ணு. வாயசைவப் பாத்துப் பாத்தே சமாளிச்சுட்டாரு. வெளிய சொல்ல வெக்கம்."

தீவில் நான் இரண்டு முறை சொன்னதை அன்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தாள்.

"உன்னைய அனுப்ப அவருக்கு மனசே இல்ல. அன்னிக்குச் சட்டைப் பையில அந்த ஹாஸ்டல் விண்ணப்பத்த வெச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. புள்ள வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கிழிச்சு ஆத்துல போட்டுட்டு வந்தர்லாம்னாரு."