கல்லு ஆறட்டும்

எங்கள் குசினியில் முட்டையை முட்டை என்று சொல்வதில்லை. கண்ணு. இரண்டு முட்டை போட்ட கொத்து ரொட்டி, ரெண்டு கண்ணு. பார்சல் என்றால் பஸ்ஸு. கடை பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த பேச்சு. விரதக்காரர்களுக்கு மீன், இறைச்சி படாமல் கொடுப்பது சாமி. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. நான் மடுல்சீமையிலிருந்து வேலைக்கு வந்தபோதே இருந்தது.

கொத்துக் கல் கடை வாசலில். அதில் நின்றவன் என் கூட்டாளி. நான் பின்னால், கறி அடுப்பில். ரொட்டி கொத்துகிற தகடு இரண்டும் கல்லில் அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் அவன் கூப்பிட்டுச் சொன்னால் நான் "ஆகுது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரும்பச் சொல்வான். சொல்லிக்கொண்டே இருப்பான். ஒரு நாள் வாயில் வெற்றிலையோடு நின்றுவிட்டேன். "என்னா மச்சான், கறிச்சட்டிக்குள்ள விழுந்துட்டியா?" என்று ரோட்டுக்கே கேட்கக் கத்தினான்.

மத்தியானச் சாப்பாடு ஓய்ந்ததும் கடைசியாக ஒன்று சொல்வான். "கல்லு ஆறட்டும்." அதற்கு மட்டும் பதில் வேறு. கல்லுக்குப் போகிற கேஸ் என் பக்கம். அதை மூடிவிட்டு "அடைச்சாச்சு" என்பேன். அது காதில் விழாமல் அவன் கல்லை விட்டு நகர மாட்டான்.

போன மழையில் கல்லடியிலேயே விழுந்தான். தலையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. அவன் சம்சாரம் கடைக்கு வந்தாள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அதிகம் பேச மாட்டாள்.

"அண்ணே, என்னமோ கேட்டுக்கிட்டே இருக்காரு. தண்ணியான்னா இல்ல. புள்ளைகளையான்னா இல்ல. கேட்டுக் கேட்டே மூச்சு வாங்குது. நீங்க வந்து பாருங்க."

கை கழுவிவிட்டுப் போனேன். கட்டில் கம்பியில் அவன் கை தட்டிக்கொண்டிருந்தது. குனிந்து கேட்டேன்.

"ரெண்டு கண்ணு, பஸ்ஸு."

கொஞ்சம் பொறுத்து அதையே சொன்னான். கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பவும் அதே. பதில் வராததால் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது.

"ஆகுது" என்றேன்.

நிறுத்தினான். மூச்சு இறங்கியது. பிறகு சாமி ஒன்று கேட்டான். அதற்கும் சொன்னேன்.

என்ன கேட்கிறார் என்றாள். சாப்பாட்டு ஓடர் என்றேன். தன் பேரையோ பிள்ளைகள் பேரையோ எதிர்பார்த்திருப்பாள் போல. கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து நோயாளிகளைப் பார்க்கிற நேரத்துக்குத் தினமும் போனேன். பக்கத்துக் கட்டிலில் லுணுகலைக்காரர் ஒருவர். தனக்கும் ஒரு ரொட்டி சொல்லச் சொல்லிக் கேலி செய்தார். நான் இல்லாத நேரம் அவளே பதில் சொன்னாள். சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அதைச் சொன்னான்.

"கல்லு ஆறட்டும்."

நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பச் சொன்னான். அவள் "ஆகுது" என்றாள். அவன் நிறுத்தவில்லை. கம்பியில் கை வேகமாக அடித்தது.

"இதுக்கு என்னா சொல்லணும் அண்ணே?"

"இதுக்கு வேணாம் தங்கச்சி."

"தவிக்கிறாரே."

"சொன்னா வேலை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். வெளியே மழை. லுணுகலைக்காரரும் இப்போது சிரிக்கவில்லை.

"சொல்லிருங்க அண்ணே. எவ்வளவு நேரத்துக்குத்தான் அவரை நிக்க வைக்கிறது?"

வார்டில் சத்தம் போடக் கூடாது. அவன் காதுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அடைச்சாச்சு."

கை நின்றது. இருட்டுவதற்கு முன்னால் போய்விட்டான்.

இப்போது கல்லில் கொஸ்லந்தைப் பையன் நிற்கிறான். நல்ல கை. வேலை ஓய்ந்ததும் அவனும் அதைச் சொல்கிறான். எனக்குப் பதில் வாயில் வருவதில்லை. கேஸை மூடிவிட்டு வாசல் வரைக்கும் நடந்து போய்க் கையைக் காட்டுகிறேன். திமிர் பிடித்த ஆள் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

அவன் லீவில் போனால் கல் மூட்டுவதில்லை. வாசலில் ஆளும் இல்லை. அந்த நாட்களில்தான் என் கூட்டாளி குரல் கேட்கிறது. மத்தியானம் ஓய்ந்ததும் ஒரு தரம். கேஸைத் தொட்டுப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். சட்டி கழுவப் போவேன். திரும்பவும் கேட்கும்.

பதில் கேட்டிருந்தால் அவன் திரும்பச் சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்கு நான் மெதுவாகத்தான் சொன்னேன்.

அதனால் இப்போது சத்தமாகச் சொல்கிறேன். காசு மேசையில் இருக்கிறவர் முதலில் எட்டிப் பார்த்தார். இப்போது பார்ப்பதில்லை.