மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பெயர்

பிரசவத்திற்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்களைக் கணினியில் அமைத்துக் கொடுக்கும் வேலை. அப்போது வந்த வெளிநாட்டு ஆர்டர், இங்கிலாந்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் வரலாறு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிலம், மான்கள் மேயும் புல்வெளி, அரண்மனை போல ஒரு வீடு. எல்லாம் மூத்த மகனுக்கு மட்டும். இளையவர்கள் பட்டாளத்துக்கோ தேவாலயத்துக்கோ போய்விட வேண்டும்; பெண்களுக்குக் கல்யாணச் சீரோடு சரி.

வம்சாவளிப் பக்கத்தில், ஒரே தாய் தகப்பனுக்குக் கீழே ஒரே பெயர் மூன்று முறை வந்திருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து இரண்டை அழித்துவிட்டு அனுப்பினேன். அச்சக மேலாளர் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ரெண்டு பிள்ளைகளை எங்க தொலைச்சீக?"

"ஒரே பேரு சார். தப்பா வந்திருக்குன்னு..."

"தப்பில்லம்மா. மூத்தவன் தொட்டில்லயே போயிட்டான். அடுத்தவனுக்கும் அதே பேரை வச்சாக, அவனும் போயிட்டான். மூணாவதுதான் தங்குச்சு. வாரிசுக்குத் தாத்தா பேருதான் இருக்கணுமாம். விடுவாகளா?"

இரண்டு குழந்தைகளையும் திரும்ப அவரவர் இடத்தில் வைத்தேன். மடியில் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த வாரக் கடைசியில்தான் அவனுக்குப் பெயர் வைப்பதாக இருந்தோம். "அண்ணன் பேரை வச்சிருவோம்" என்று கணவர் சொல்லியிருந்தார். அவருடைய அண்ணன் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறை வெடித்து இறந்துபோனவர். வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, 'பெரியவன்' என்பார்கள். நானும் சரியென்று தலையாட்டியிருந்தேன். வேறொரு பெயரை மனதில் வைத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பெயர் பிள்ளையை என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் தடுப்பூசி ஏது, அதனால் போயிருப்பார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

கடைசியில் மதினியிடம், அதாவது கணவரின் அக்காவிடம் சொன்னேன். பிள்ளைக்கு அத்தை முறை. காதில் பெயர் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"அம்புட்டு நிலம் வச்சிருந்தவகளுக்குப் பேருக்கா பஞ்சம்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு தாயி. தம்பிகிட்ட எப்படிச் சொல்ல? அண்ணன் பேரைச் சொல்ல ஒருத்தன் வேணும்னு கெடக்கான்."

பெயர் வைக்கும் அன்று மதினி தொட்டில்வரை போய் நின்றுவிட்டார். "ஏலே, ஆசைப்பட்டவன் நீதான. நீயே சொல்லு."

கணவர் குனிந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். "என்னப்பா, பேரு மறந்துபோச்சா?" என்று கூட்டத்தில் யாரோ கேலி செய்தார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னால முடியல. நீ சொல்லு. எதையாச்சும் சொல்லு."

நான் நினைத்து வைத்திருந்த பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. கணவரின் அண்ணன் பெயரைத் தம்பி மனைவி வாய்விட்டுச் சொல்வது எங்களில் வழக்கமில்லை. நான் குனிந்து அந்தப் பெயரைத்தான் மூன்று முறை சொன்னேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சரியாகச் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை. இப்போது அவன் நடக்கிறான். எந்தத் திசையில் வெடிச்சத்தம் கேட்டாலும், ஆலையா கல்யாண வீடா என்று யோசிக்கும் முன்பே அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறேன். வீட்டுக்குள் எங்கிருந்தாவது அவன் குரல் கொடுக்கும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.