முதல் தர ஓடு

கராத்தே மாஸ்டர், பிள்ளைகளின் வயிற்றில் குத்துவார். வரிசையாக நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொருவராகக் குத்திக்கொண்டே போவார். சுருண்டு விழுந்த ஒரு பையனைக் காலால் தள்ளி, "எழுந்திரு. ரோட்டுல உன்ன அடிக்கிறவன் நீ எழுந்திரிக்கிற வரைக்கும் காத்துகினு இருப்பானா?" என்றார். அடுத்து என் மகள். அப்போது ஒன்பது வயது. குத்து விழுந்ததும் வாய் திறந்து மூடியது, கண்ணில் நீர் முட்டியது. ஆனால் விழவில்லை. மைதானத்து ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலித்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம் அது. ஆவடியில் அரசு குவார்ட்டர்ஸை ஒட்டிய மைதானம். அந்த வருடங்களில்தான் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எல்லாவற்றுக்கும் ஒரு வகுப்பு என்று ஆகியிருந்தது. ஓவியம், இந்தி, கீபோர்டு, கராத்தே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போய்வந்தார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவன். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டினேன். ஒரே ஒரு வகுப்புக்குத்தான் எங்களால் முடியும். மனைவி இந்தி என்றாள். நான் கராத்தே என்றேன். வீட்டில் நான் பிடிவாதம் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு அடி வாங்கத்தான் தெரியும். அப்பா பெல்ட்டால் அடித்தார். பட்டறையில் ஃபோர்மேன் ஸ்பானரால் முதுகில் போட்டார். பாக்கிச் சில்லறை கேட்டதற்கு, பஸ்ஸில் நாற்பது பேர் பார்க்க கண்டக்டர் ஒருவன் கன்னத்தில் அறைந்தான். மெஷின் தன் பங்குக்கு என் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. யாருக்கும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என் பெண் அப்படி ஆகக் கூடாது, அவள் கை ஓங்க வேண்டும் என்று நினைத்தேன்.

மாஸ்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பகலில் வெல்டிங் கடையில் வேலை. முன்கை முழுக்கப் பொறி சுட்ட புள்ளிகள். மாலையில் வெள்ளைச் சீருடை, கையில் பிரம்பு. உதையின் உயரம் குறைந்தால் பிரம்பு தொடையில் விழும். பெண்பிள்ளை என்று பார்க்கமாட்டார். என் மகளின் தொடையில் நீலம் பாய்ந்த தடங்களைப் பார்த்து மனைவி என்னைத் திட்டினாள்.

முதல் நாள் கட்டணம் கட்ட வரிசையில் நின்றோம். நான் நோட்டுகளை நீட்டியபோது மாஸ்டர் என் விரல் இல்லாத கையைப் பார்த்தார். "அண்ணா, நீ பாதி குடு, போதும். டிரஸ்ஸும் வாங்காத. பழசு ஒண்ணு கீது, தரேன்" என்றார். கட்டளை போட்டுப் பழகிய குரல் அது, மெதுவாகப் பேச வராது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் செய்தது நல்லது. ஆனால் அப்பாவின் பெல்ட்டை மன்னித்த என்னால் 'பாதி' என்ற அந்த வார்த்தையை மன்னிக்க முடியவில்லை.

மாதக் கடைசியில் விழா. ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோர் முன்னால் கையால் ஒரு ஓடு உடைத்துக் காட்ட வேண்டும். ஓடு அவரவர் கொண்டுவர வேண்டும். "சூளை ஓடு, நைனா. மெல்லிசா, பழசா வாங்கணுமாம்" என்று மகள் சொன்னாள். அவளைக் கேரியரில் உட்காரவைத்து, பூந்தமல்லி ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்காமலே ஒரு மூலையைக் காட்டினார். "கராத்தேக்கா? அந்தச் சூளை ஓடு எட்துக்க. அரைகுறையா வெந்தது, தொட்டாலே உடையும். எல்லாரும் அதான் வாங்கினு போறாங்க." பக்கத்தில் மெஷினில் அழுத்திய மொட்டைமாடி ஓடுகள் வழவழவென்று அடுக்கியிருந்தன. முதல் தரம். விலை நாலு மடங்கு. மாஸ்டரைப் போல இவரும் மட்டமானதைத்தான் எனக்குக் காட்டுகிறார் என்று பட்டது. "இது குடுங்க" என்றேன். "உன் இஷ்டம்பா" என்றார் அவர்.

வீடு வரும்வரை மகள் அதை மடியில் வைத்திருந்தாள். "வெயிட்டா கீது நைனா" என்றாள். நான் பெடலை வேகமாக மிதித்தேன்.

விழா அன்று மாலை, முப்பது ஓடுகளும் மேடையில் பிள்ளைகளின் வரிசைப்படி ஒரே அடுக்காக இருந்தன. எல்லாம் செம்மண் நிறம். மாஸ்டருக்கு உதவிக்கு ஆள் இல்லை. புரட்டிப் பார்க்காமல் அவசரமாக ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு செங்கல் மேல் வைத்தார். பிள்ளைகள் கத்திக்கொண்டு அடித்தார்கள். ஓடு தூளாகிப் புழுதி கிளம்பியது, கைதட்டல். என் மகளின் முறை வந்தது. அடித்தாள். உடையவில்லை. கூட்டத்தில் சிரிப்பு. "பாதிக் காசுக்குப் பாதி அடிதான்" என்று என் பின்னால் யாரோ சொன்னார்கள். "மறுபடி!" என்றார் மாஸ்டர். மறுபடி அடித்தாள். உடையவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உள்ளங்கை ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. வேண்டாம் என்று நான் ஒரு முறை தலை அசைத்திருந்தால் போதும். அடி என்று அசைத்தேன்.

மூன்றாவது அடியில் ஒடிந்தது அவள் கை. பிரஸ்ஸில் என் விரல் போன நாளில் கேட்ட அதே சத்தம். மாஸ்டர் பாய்ந்து அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். அதற்குள் என் மச்சான், மனைவியின் தம்பி, மேடையில் ஏறிவிட்டான். பின்னாலேயே ஐந்தாறு பேர். மாஸ்டரின் முகத்தில் குத்தினார்கள், விலாவில் உதைத்தார்கள். அத்தனை பேரையும் புரட்டிப் போட அவரால் முடியும். அவர் கை ஓங்கவில்லை. ஓங்கினால் ஒடிந்த கையை விட வேண்டும். "பாப்பா கைய ஆட்டாதீங்கடா! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா!" என்று கத்தினார். மச்சான் செங்கல் மேலிருந்த அந்த ஓட்டை எடுத்து அவர் தலையில் ஓங்கி அடித்தான். என் மகளுக்கு உடையாத ஓடு அங்கே இரண்டாக உடைந்தது.

மாஸ்டர் முட்டி போட்டு உட்கார்ந்தார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. ஒரு கையால் அவளைப் பிடித்தபடி, இன்னொரு கையால் ஓட்டின் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது சூளை ஓடு இல்ல. யாருபா இத வாங்கினு வந்தது?" என்றார்.

"இன்னாடா கத வுட்ற? கொழந்த கைய ஒட்ச்சிட்டு ஓட்டு மேல பழியா?" என்று மச்சான் அவர் வாயில் உதைத்தான். ஒரு பல் மேடையில் விழுந்தது.

நான் மூன்று அடி தூரத்தில் நின்றேன். நான்தான் என்று ஒரு வார்த்தை. நாக்கு மேலே ஒட்டியிருந்தது. இத்தனை வருடமாக அதைக் கூச்சம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூச்சம் இல்லை அது.

அடுத்த நாள் குவார்ட்டர்ஸ் ஆட்கள் வெல்டிங் கடைக்கே போய்க் கட்டணத்தைத் திருப்பி வாங்கினார்கள். மச்சான் என் பங்கையும் வாங்கி வந்தான். "முழுசா கறந்துட்டேன் மாமா" என்றான். நான் கட்டியது பாதி. அவன் கொடுத்தது முழுக் கட்டணம். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாவுக்கட்டுக்கும் மருந்துக்கும் அது சரியாகப் போயிற்று. மாஸ்டர் மைதானத்துப் பக்கம் பிறகு வரவில்லை. வெல்டிங் கடையிலும் நின்றுவிட்டார் என்றார்கள். எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

போன மே மாதம் பேரனை நீச்சல் வகுப்பில் சேர்க்க மகளோடு கொரட்டூர் போயிருந்தேன். கட்டணத்தைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். நேராகச் சேராத அவளுடைய சுண்டுவிரல் பேனாவை விட்டு விலகி நின்றது. "அந்த ஓடு..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்ல நேரம் பிடித்தது. சொல்லி முடித்தேன்.

அவள் தலை நிமிரவில்லை. "தெரியும் நைனா. கடையில நானும்தானே இருந்தேன்" என்றாள். பேனாவை மூடிவிட்டு, "அவ்ளோ அடி வாங்கும்போதும் அவரு என் கைய வுடல. நான் உன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன். இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு" என்றாள்.