மாமியாருக்கு நான் சொன்ன மலையாளப் படங்கள்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை பழைய படம், ஞாயிற்றுக்கிழமை புதுப் படம். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு லீவு நாள் என்று ஒன்று கிடையாது; அதைக் கொண்டுவந்தவள் நான்தான். கம்பத்தில் ஒரு பள்ளியில் ஐந்து நாள் ஆங்கிலப் பாடம் நடத்திவிட்டு, மீதி இரண்டு நாளும் நைட்டியோடு டிவி முன்னால் கிடப்பேன். மாமியார் வந்து பக்கத்தில் உட்காருவார். குலையிலிருந்து உதிர்ந்த, விலைக்குப் போகாத பழம் ஒரு கிண்ணம் நிறைய நடுவில் இருக்கும். என் வீட்டுக்காரர் டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிடுவார்.

சனிக்கிழமை கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்துக்கு என் தயவு யாருக்கும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் என் ராஜ்ஜியம். அன்றைக்குப் பெரும்பாலும் மலையாளப் படம். தமிழில் டப்பிங் செய்ததைப் போட்டால் மாமியார் எழுந்து போய்விடுவார். "வாயி ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது" என்பார். அதனால் மலையாளத்திலேயே ஓடவிட்டு, கீழே வரும் ஆங்கில வரிகளைப் படித்து அவருக்குத் தமிழில் சொல்வேன். "என்னாத்தா சொல்றாக?" என்று அவர் என் முழங்கையை இடிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது.

போன வருடம் கொழுந்தனுக்குக் கல்யாணமானது. எனக்கு ஓரகத்தியாக வந்த பெண் கேரளத்துக் குமுளியில் பிறந்து வளர்ந்தவள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் வரியைப் படித்து, புரிந்து, வாயைத் திறப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். மாமியார் என்னைத் தாண்டி எட்டிப்பார்த்து, "என்னான்டு சிரிக்கிற, எனக்கும் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். குரலை மாற்றி, கையை ஆட்டி, அந்த நடிகனைப் போலவே சொன்னாள். மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்றாவது வாரம் அவர் எனக்கு அந்தப் பக்கம் போய், அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. கீழே ஓடும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தேன். ஒரு ஞாயிறு, அவள் கொட்டத்தை அடக்க வேண்டும் என்றே பழைய வங்காளிப் படம் ஒன்றைப் போட்டேன். மலையாளம் அங்கே செல்லாது, நான்தான் சொல்லியாக வேண்டும். மாமியார் பத்தே நிமிடத்தில் குறட்டை விட்டார். அவளோ கன்னத்தில் கைவைத்து என் வாயையே பார்த்து, "எவ்வளவு அழகா சொல்றீக அக்கா" என்றாள். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

ஒரு நாள் மாமியார், "வெளிநாட்டுல இருக்க மகன் திரும்பி வருவானே, அந்தப் படத்தப் போடு" என்றார். அந்தப் படத்தில் மகன் திரும்பி வரவே மாட்டான். கடைசியில் போன் செய்து, இனி வரமாட்டேன் என்பான். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைப்பாள். அவ்வளவுதான் படம். நான் அதை முதல்முறை சொன்னபோது கொழுந்தன் துபாயில் இருந்தார். இரண்டு பொங்கலுக்கு வரவில்லை. மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "லீவு கெடச்சிருச்சாம் அத்தை, அடுத்த மாசம் வாரானாம், அதான் அடுப்புப் பத்தவைக்கிறா" என்று சொல்லிவிட்டேன்.

"அந்தப் படத்த டிவியிலருந்து இப்ப எடுத்துட்டாக அத்தை" என்று தட்டிக்கழித்தேன். ஓரகத்தி ரிமோட்டை வாங்கி, இரண்டு நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

படம் ஓடிய இரண்டு மணி நேரமும் நான் கிண்ணத்தில் கைவைக்கவில்லை. கடைசிக் காட்சி வந்தது. போன் அடித்தது. "இனிமே இங்க வரமாட்டேன்றான் அத்தை" என்றாள் அவள்.

மாமியார் வெடுக்கென்று திரும்பினார். "என்னாத்தா ஒளர்ற? லீவு கெடச்சிருச்சு, வாரேன்டுல்ல சொல்றான்? பெரியவ அப்பயே சொன்னா. ஒனக்கு மலையாளம் சரியா வராது போலயே!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அன்னைக்கு நான்தான் மாத்திச் சொன்னேன் அத்தை" என்று ஒரு வரி போதும். ஆனால் 'உனக்கு மலையாளம் வராது' என்று மாமியார் அவளைச் சொன்னது காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் டிவியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். பிறகு தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "ஆமா அத்தை, நான்தான் சரியா கேக்கல. அக்கா சொன்னதுதான் சரி. வாரேன்டுதான் சொல்றான்."

"அப்படிச் சொல்லு" என்றார் மாமியார். இடம் மாறி வந்து என்னை ஒட்டி உட்கார்ந்து, "அடுத்த வாரத்துலருந்து நீயே சொல்லுத்தா" என்றார்.

என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அவள் விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது. அந்தப் பொய்யைச் சொல்வதற்கு அன்றைக்கு நான் எத்தனை தடுமாறினேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவள் அதையே சிரித்த முகத்தோடு, எனக்காகச் சொல்லிவிட்டாள். மலையாளத்தைக்கூட மன்னித்திருப்பேன், இதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.