யார் பெயரைப் போடுவது?

போன வாரம் புக்கிட் பாஞ்சாங்கில் என் பேத்தி படிக்கும் பள்ளிக்குப் போயிருந்தேன். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம், வட்டாரத்து மக்களின் கருத்து வேண்டுமாம். ஏர்கான் போட்ட மண்டபம், சுவர் நிறையப் படங்கள், கேக், காப்பி. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் என் கையில் மஞ்சள் ஒட்டுச்சீட்டைக் கொடுத்து, மனதில் பட்டதை எழுதிப் பலகையில் ஒட்டச் சொன்னாள். நான் யோசிக்கவே இல்லை. 'கழிப்பறை' என்று எழுதினேன். தமிழ்ப் பெண்தான், எட்டிப் பார்த்தாள்.

"டாய்லெட் எல்லாம் ஆல்ரெடி ஓகேதான் ஆண்ட்டி. கார்டன் மாதிரி ஏதாச்சும் எழுதுங்க லா."

கார்டனாம். அவளை உட்கார வைத்துக் கதை சொல்லலாம் என்றால் அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள்.

அந்த மண்டபத்தில் புது பெயின்ட் வாசம் அடித்தது. பெயின்ட் வாசம் வந்தாலே எனக்கு 'உபயம்' என்ற சொல்தான் ஞாபகம் வரும். ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாட்டுக்கொட்டகையை ஒட்டி இருந்த தமிழ்ப் பள்ளியில் நான் டீச்சர். கூரை ஒழுகும், சுவர் உதிரும், ஆனால் உபயத்துக்குக் குறைவில்லை. பெஞ்சைக் கொடுத்தவர் பெயர் பெஞ்சின் முதுகில். கடிகாரத்தைக் கொடுத்தவர் பெயர் கடிகாரத்தின் முகத்தில், அதனால் மணி பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். கரும்பலகையைக் கொடுத்த புண்ணியவான் தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் கடை விலாசத்தையும் மேலே வெள்ளை பெயின்டில் எழுத வைத்திருந்தார். மிச்சமிருந்த இடத்தில்தான் நான் வகுத்தல் கணக்குப் போட்டேன். நீளமான கணக்கு என்றால் பாதியில் அழித்து எழுத வேண்டும். ஒருமுறை பெஞ்சுப் பெயர்களுக்குப் புதுப் பூச்சு அடித்தார்கள். காய்வதற்குள் பிள்ளைகள் சாய்ந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் பெயரைத் திருப்பி எழுதின மாதிரி முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். சட்டையைத் துவைத்த அம்மாக்கள் அவருக்குக் கொடுத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது.

அந்த ஜவுளிக்கடைக்காரர்தான் பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவர். கெட்டவர் இல்லை. தமிழ் என்றால் கண் கலங்குவார். அவர் பிள்ளைகள் மட்டும் காரில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். செயலாளர் ஒருவர் உண்டு. தலைவர் எதை முன்மொழிந்தாலும் அதை வழிமொழிவது அவர் வேலை. அந்த வேலையில் ஊறிப்போய், ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாலும் கை தானாக உயரும்.

இவ்வளவும் இருந்த பள்ளியில் இல்லாதது பெண்பிள்ளைகளுக்கு ஒரு கக்கூஸ். பின்னால் ஒரு வாளிக் கக்கூஸ் இருந்தது, பையன்களுக்கும் வாத்தியார்களுக்கும் பொது. கதவின் கீழ்ப்பாதி எப்போதோ இற்றுப் போயிருந்தது, தாழ்ப்பாள் கிடையாது. நான் எதிர்வீட்டு அக்காவைச் சிநேகம் பிடித்து வைத்திருந்தேன். நலம் விசாரிக்க தினமும் ஓடுகிறாளே, எவ்வளவு பாசம் என்று அவர் நினைத்திருப்பார். பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? காலையில் இருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அந்த வெயிலில் உதடு வெடித்து உட்கார்ந்திருப்பார்கள். பெரியவளானதும் ஒவ்வொருத்தியாக நின்றுவிடுவாள்.

செல்வராணியும் அப்படித்தான் நின்றாள். ஆறாம் வகுப்பு, கணக்கில் புலி. நான் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லி என் மானத்தை வாங்குவாள். அவள் அம்மா பார்வதி சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். புருஷன் மாரிமுத்து, ஒரு மாசத்தில் வருகிறேன் என்று ஊருக்குக் கப்பல் ஏறினவர், வருஷக்கணக்காக அந்த மாசத்தை முடிக்கவில்லை. நான் போய்க் கேட்டபோது பார்வதி கோபப்படவில்லை. "பொம்பளப்புள்ள நாள் முழுக்க அடக்கிக்கிட்டு இருக்க முடியுமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

நேரே தலைவரிடம் போனேன். பள்ளியைப் புதுப்பிக்கும் திட்டம் அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தது. முதல் வரைபடமே நுழைவாயில் வளைவு, பள்ளியைவிட உயரமாக. அடுத்தது ஆண்டுவிழா மேடை. நான் கக்கூஸ் என்றதும் அவர் முகம் சுருங்கியது. பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்:

"நல்ல காரியந்தான் டீச்சர். ஆனா யார் பேரைப் போடுறது?"

பேர் போடாமலே கட்டலாமே என்றேன். இந்த டீச்சருக்கு உலகம் தெரியவில்லையே என்று பரிதாபமாகப் பார்த்தார். பேர் இல்லாமல் எவன் கொடுப்பான், பேரோடு என்றால் அதில் எவன் பேரைக் கொடுப்பான்? அவர் சொன்னதும் நியாயந்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கருத்தறியும் கூட்டம் போட்டார்கள். கருத்தறிவது என்றால் முதலில் மாலை, பிறகு தலைவருக்குப் பொன்னாடை, பிறகு பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை, அதற்கப்புறம் தமிழின் தொன்மை பற்றி ஒரு மணி நேரம். பெற்றோர் பேச வேண்டிய நேரம் சரியாக வடை வருகிற நேரம். அம்மாக்கள் கடைசி பெஞ்சுகளில் இருந்தார்கள். வளைவும் மேடையும் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, கைதட்டலும் வாங்கிவிட்டன. வடையும் வந்துவிட்டது. அப்போது பார்வதி எழுந்தார்.

பொண்ணுங்களுக்குக் கதவு வைத்த கக்கூஸ் வேண்டும் என்றார். கூட்டத்தில் அந்தச் சொல் விழுந்ததும் ஒருவர் தட்டைக் கீழே வைத்தார். தலைவர் பொறுமையாகப் பெயர்ச் சிக்கலை விளக்கினார். பார்வதி முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"காசு நாங்க சீட்டுப் பிடிச்சுத் தர்றோம். பேர்தானே உங்களுக்கு வேணும்? எம் புருஷன் பேரைப் போடுங்க."

"அவரு... ஒத்துக்குவாராம்மா?"

"பெத்த பொண்ணுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் செய்யலைங்க. இதாச்சும் அவரு செஞ்சதா இருக்கட்டும்."

கடைசி பெஞ்சுகள் வெடித்துச் சிரித்தன. முன்வரிசை ஆண்களுக்குச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் நம் செயலாளர், வாயில் வடையோடு, பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி "வழிமொழிகிறேன்" என்றார். தலைவர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் தீர்மானம் தீர்மானந்தான்.

கட்டினார்கள். 'உபயம்: மாரிமுத்து' என்று கல்லும் பதித்தார்கள். திறப்பு விழாவுக்குத் தலைவர் வளைவில் மட்டும் ரிப்பன் வெட்டினார், கொல்லைப்புறம் வரவே இல்லை. அங்கே, பள்ளிக்குத் திரும்பி வந்திருந்த செல்வராணிதான் முதலில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நேரமாகியும் வெளியே வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். சும்மா நிக்கிறேன்."

பார்வதி குடும்பம் ஒரு கடைவீட்டு மாடியில் திரைச்சீலை கட்டிப் பிரித்த ஒரு மூலையில் குடியிருந்தது. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து தாழ்ப்பாள் போட்ட ஓர் அறைக்குள் தனியாக நின்றதே இல்லை. நான் மற்ற பிள்ளைகளை வகுப்புக்கு விரட்டிவிட்டு வாசலில் காவல் நின்றேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று கூட இல்லை, என் வீட்டுக்காரர் காதில் விழவேண்டாம். செல்வராணி ஆறாம் வகுப்பை முடித்தாள், மேலேயும் படித்தாள்.

இன்று அந்தச் சந்தும் இல்லை, மாட்டுக்கொட்டகையும் இல்லை. வளைவு இருந்த இடத்தில் ஹோட்டல் இருக்கிறது. அதெல்லாம் போகட்டும், காலம் அப்படி. எனக்கு ஆறாதது அறுபதுகளின் கடைசியில் போட்ட ஒரு கூட்டந்தான். பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். முதலில் தலைவர் வீட்டுப் பிள்ளைகள் போன ஆங்கிலப் பள்ளிகளுக்கு இப்போது எல்லார் பிள்ளைகளும் போனார்கள். பள்ளியை மூடலாமா என்று கருத்துக் கேட்டார்கள். தலைவர் கண் கலங்கினார், பொய்யில்லை. யாருக்காவது மறுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

நான் கடைசி பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தேன். பார்வதியும் மற்ற அம்மாக்களும் புக்கிட் மேராவில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்துப் போய்விட்டிருந்தார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கதவு வைத்த கக்கூஸ் இருந்தது. இங்கே எழுந்து நின்று வேண்டும் என்று கேட்க ஒருத்தியும் இல்லை.