சேவலிடம் சிக்கிய நாவல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை போன முதல் ஆள் நான். அதைத் தேவைக்கு அதிகமாகவே சொல்லிக்கொள்வேன். இலங்கையில், தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தபடியே ஓர் இணைய நூலகத்தில் உறுப்பினரானேன். அதன் வாசகர் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் பேசவும் ஒப்புக்கொண்டேன். யாழ்ப்பாணம், சென்னை, டொராண்டோ என்று எங்கெங்கிருந்தோ கேட்பார்கள். ஒரே குறை, பேச வேண்டிய நாவலை நான் இன்னும் படிக்கவில்லை.

அந்த நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் இரவல் எடுக்கலாம். ஒரு வாரத்தில் அது தானாகத் திரும்பிவிடும். அப்போது யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கு. நான் அழுத்தும்போதெல்லாம் நாவல் ஒரு சேவலிடம் இருந்தது. அதாவது, சேவல் படம் வைத்திருந்த ஒரு வாசகரிடம். திரும்பிய கையோடு அவரே மறுபடி எடுத்துவிடுவார்.

புத்தகத்தின் கீழே வாசகர்கள் பேசிக்கொள்ள இடம் உண்டு. மரியாதையாகக் கேட்டேன். பதில் இல்லை. புதன்கிழமை பொறுமை போய், "ஒரு நாவலுக்கு இத்தனை வாரமா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்களோ?" என்று எழுதினேன். எழுதியது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை சேவல் எழுதாமல், குரலிலேயே பதில் போட்டிருந்தது.

"நாங்க படிக்கலைங்க, கேக்குறோம். ரப்பர் பால் வெட்டுற நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க. அவசரம்னா நீங்களும் ஒரு வாளியத் தூக்கிக்கிட்டு வாங்க."

பின்னால் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். பேசியது என் அம்மா.

அம்மாவுக்கு நூலகக் கணக்குத் திறந்து, உரக்க வாசிக்கும் பொத்தானைக் காட்டிக்கொடுத்தது நான்தான். அதைப் பற்றிக் கூட்டத்தில் பெருமையும் அடித்துவிட்டு மறந்துபோனேன். சேவல் படம் பிறகு அம்மாவே வைத்துக்கொண்டது. அந்தப் பொத்தான் வாசகர் குறிப்புகளையும் விடாமல் வாசிக்கும்.

பாலைத் தோட்டத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம் வந்த அம்மாவிடம் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"எழுத்துக் கூட்டுற கேள்வி கேட்டது நீதானாடி?"

"தெரியாம எழுதிட்டேம்மா. ஞாயித்துக்கெழம நான் பேசணும்."

"கதையில அந்தப் புள்ள பெட்டியத் தூக்கிக்கிட்டு வீட்ட விட்டுப் போயிருக்கா. திரும்பி வாறாளா இல்லையான்னு தெரியாம எப்படிக் குடுக்குறது? மழைன்னா வெட்டு இல்ல, வெட்டு இல்லாட்டிக் கத இல்ல. ஒருத்திய விட்டுட்டு ஒருத்தி கேக்கக் கூடாதுன்னு பேச்சு."

"அப்ப ஒங்க போனையாவது தாங்க."

"தந்தா நீ முடிவப் பாத்துருவ. பாத்துட்டு வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்ட."

அது உண்மை. வெள்ளிக்கிழமை விடியுமுன் வாளியோடு கிளம்பினேன். முன்கதையை அவர்களே சொன்னார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தபடி. பிறகு அம்மாவின் இடுப்பிலிருந்து போன் வாசித்தது: "அவள் அழுதபடி கதவைத் திறந்து நூற்று நாற்பத்திரண்டு வெளியே பார்த்தாள்." பக்க எண்ணையும் சேர்த்துத்தான் வாசித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அதற்காகப் பக்கத்து வீட்டுச் சித்தி தன் சிரட்டைப் பாலையும் என் வாளியிலேயே ஊற்றினார்.

"சிரிக்கிற புள்ள, இதையும் சேத்துத் தூக்கு" என்றார்.

சனிக்கிழமை, ஒரே ஓர் அத்தியாயம் மிச்சம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வெட்டு இல்லை. கதையும் இல்லை. கெஞ்சியும் அம்மா அசையவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் நிற்பது கடைசி வீட்டுப் படியில் மட்டும். ஞாயிறு மாலை அங்கே உட்கார்ந்து, முடிவு தெரியாமலே பேச ஆரம்பித்தேன்.

"அவள் மனம் மாறித் திரும்பி வந்தது..."

"வந்தாளா? யாரு சொன்னா?" என்றார் பின்னால் நின்ற சித்தி.

கூட்டம் நடத்துபவர் அங்கே யார் என்று கேட்டார். வேறு வழியில்லை. "சேவல்" என்றேன்.

"நீங்களோ அது?" என்றார் டொராண்டோக்காரர். "நான் ஒரு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

சென்னைக்காரரும் அதையே சொன்னார். கேட்டுப் பார்த்தால், கூட்டம் நடத்துபவரைத் தவிர யாருமே நாவலைப் படித்திருக்கவில்லை. எல்லோரும் என்னைப்போல ஊகிக்கத்தான் வந்திருந்தார்கள்.

அம்மா ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் படியில் இருந்தார்கள். "ஹரி" என்று சிங்களத்தில் சம்மதித்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, தன் போனை என் போன் அருகே வைத்துப் பொத்தானை அழுத்தினார். பக்க எண்களோடு கடைசி அத்தியாயத்தை எல்லா ஊரும் கேட்டது. அவள் திரும்பி வரவேயில்லை.

பிறகு கூட்டம் நடத்துபவர் என்னைத் தொடரச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன்.

"இருங்க," என்று அம்மா என் போனை நோக்கிக் குனிந்தார். "இதுக்கு ரெண்டாம் பாகம் இருந்தா, அது இப்ப யார்கிட்ட இருக்கு?"